ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த விமான எஞ்சினை டவுனில் வைக்கலாமா?

செம்பனைக்காடு (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, எங்கள் பழைய தோட்டம் மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பாகாவிலிருந்து கோலப்பிலா போகும் பக்கம். ரப்பர் போய் செம்பனை வந்தது, பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். இப்போது மிஞ்சி நிற்பது முனியாண்டி கோயிலும் ரப்பர் பால் ஸ்டோரின் மூன்று சுவரும்தான். அந்த ஸ்டோருக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் ஒரு பெரிய இரும்புக் குவியல் கிடக்கும். சின்ன வயதில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து லோரி ஓட்டுவோம். "கப்பல் எஞ்சின்டா, ஏறாதே" என்று தாத்தா விரட்டுவார். கடலே இல்லாத ஊரில் கப்பல் எஞ்சின் எப்படி வந்தது என்று யோசித்ததே இல்லை. அந்தக் காலத்தில் விமானத்தை ஆகாயக் கப்பல் என்பார்கள் என்பது மீசை முளைத்த பிறகுதான் உறைத்தது.

போன மாதம் மறுநடவுக்காக நிலத்தைத் துப்புரவு செய்தபோது மண்வாரி ஓட்டுநர் அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். பழைய இரும்புக்காரர் வருவதற்குள் நாங்கள் நாலைந்து பேர் முந்திக்கொண்டோம். இப்போது டவுனில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சின்னப் பூங்காவில் சிமெண்டு மேடை கட்டி நினைவுச் சின்னமாக வைக்கலாம் என்று ஊரில் பேச்சு. மூன்று மொழியில் பலகை வைக்க வேண்டுமாம், தமிழ் எழுதுவது என் பொறுப்பு.

என்னிடம் வந்த மாதிரி வாசகம் இது: "இரண்டாம் உலகப் போரில் நம் ஊரைக் காக்கப் போராடி வீழ்ந்த குண்டுவீச்சு விமானத்தின் எஞ்சின்."

மொழிபெயர்த்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எந்த விமானம், யாருடையது, யாரைக் காக்க வந்தது? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பால்வாளி

தாத்தா விரட்டிய பொருளின் மேல் இப்போது ஊரே மாலை போடப் போகிறது. எங்கள் தோட்டத்தில் இப்படித்தான் ஒரு பழைய ரோடு ரோலருக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல சாமி, கேட்ட வரமெல்லாம் கொடுத்தது. சரி, படம் போடுங்கள் முதலில்.

சிரம்பான் ஸ்பானர்

நான் முப்பது வருடம் விமானப் பராமரிப்பில் கை கறுத்தவன். படத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. சிலிண்டர்களை எண்ணுங்கள். நட்சத்திரம் மாதிரி சுற்றிலும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அது காற்றால் குளிரூட்டப்படும் ரேடியல் எஞ்சின். அந்தக் காலத்து விமானங்களில் பாதிக்கு மேல் அதுதான்.

ஒரே வரிசையில் 9 இருந்தால் 1941-இல் இங்கே இருந்த பிளென்ஹைம் மாதிரி பிரிட்டிஷ் விமானமாக இருக்கலாம். அதில் பிரிஸ்டல் மெர்குரி எஞ்சின். இரண்டு வரிசையாக 18 இருந்தால், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் பி-29 என்று ஆசைப்படலாம். அதன் ரைட் ஆர்-3350 எஞ்சின் 2,200 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கு மேல். ஏழும் ஏழும் 14 இருந்தால் கதை கொஞ்சம் சிக்கல். அதை அப்புறம் சொல்கிறேன்.

சிலிண்டர் உடைந்து விழுந்திருக்கும், ஆகவே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள். நடு உடம்பில் சிலிண்டர் உட்காரும் வட்ட ஓட்டைகளை எண்ணுங்கள். முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது. முன்னால் உள்ள இடைவெளியில் பின்னால் உள்ளது எட்டிப் பார்க்கும், காற்று பட வேண்டுமே.

செம்பனைக்காடு

இன்று வேலை முடிந்து டார்ச்சோடு போனேன். ஒன்பது சிலிண்டர் இருக்கிறது, அதில் இரண்டு பாதிதான். ஆனால் ஐயா சொன்னது போல ஓட்டைகளை எண்ணினேன். சாக்பீஸால் எண் போட்டு இரண்டு முறை சுற்றி வந்தேன். முன்னால் ஏழு, பின்னால் ஏழு. குறுக்களவு நான்கு அடி இருக்கும். ஆறு பேர் சேர்ந்து அசைக்கப் பார்த்தோம், முடியவில்லை.

ஒற்றைப்பனை

பதினான்கு என்றதும் நேச நாட்டு விமானம் என்று துள்ள வேண்டாம். ஜப்பான்காரன் எஞ்சின்களில் பெரும்பாலானவை பதினான்குதான். 1941 டிசம்பர் 10-ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்களைக் குவாந்தான் கடலில் மூழ்கடித்த மிட்சுபிஷி விமானங்களிலும் 14 சிலிண்டர் எஞ்சின்தான். ஊரைக் காக்க வந்த எஞ்சின் என்று பலகை வைத்துவிட்டு, பிறகு பார்த்தால் குண்டு போட வந்தவனுடையதாக இருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க 14 சிலிண்டர் எஞ்சினாகவே இருந்தாலும் அது குண்டுவீச்சு விமானத்துடையது என்று ஆகிவிடாது. டக்கோட்டா சரக்கு விமானத்துக்கும் அதே எஞ்சின்தான். மலாயா அவசரகாலத்தில், அதாவது 1948-க்குப் பிறகு கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையில், காட்டுக்குள் இருந்த பட்டாளத்துக்கு அரிசியும் டின் சாமானும் போட்டது டக்கோட்டாதான். 1950 ஆகஸ்டில் கிளந்தான் காட்டில் ஒன்று விழுந்திருக்கிறது. ஆக, உங்கள் 'போர்க்கால' எஞ்சின் போருக்குப் பிந்தையதாகவும் இருக்கலாம். நான் சந்தேகப் பிராணி, மன்னிக்கவும்.

சிரம்பான் ஸ்பானர்

ஒற்றைப்பனை சொல்வது அத்தனையும் சரி. நான் சிக்கல் என்றது இதைத்தான்.

அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-24 லிபரேட்டரில் நான்கு எஞ்சின், டக்கோட்டாவில் இரண்டு. இரண்டிலும் பிராட் அண்டு விட்னி ஆர்-1830, 'ட்வின் வாஸ்ப்'. 30 லிட்டர், 1,200 குதிரைத்திறன், எடை 570 கிலோவை ஒட்டி வரும். ஆறு பேர் அசைக்க முடியாதது நியாயம்தான்.

முதலில் ஜப்பானா அமெரிக்காவா என்று பார்ப்போம். சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கலாம் என்று யாராவது டேப்பைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் சொல்லிவிடுகிறேன், அது உதவாது. ட்வின் வாஸ்பின் உள்விட்டம் ஐந்தரை அங்குலம், 139.7 மில்லிமீட்டர். மிட்சுபிஷி கின்செய் எஞ்சின் 140. துருப்பிடித்த சிலிண்டரில் டேப் வைத்து இந்த வித்தியாசத்தைப் பிரம்மாவாலும் பிடிக்க முடியாது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஒன்றில் 139.7, மற்றதில் 150. அதை அளக்கலாம், ஆனால் இறுகிக் கிடக்கும் எஞ்சினில் பிஸ்டன் எங்கே நகரப் போகிறது?

அதனால் பட்டறை வழிதான். போல்ட்டில் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். துரு குறைவான ஒரு நட்டைத் தேடி, கம்பித் தூரிகையால் லேசாகத் தேயுங்கள். 11 எம்.எம். ஸ்பானர் நுழையாமல், 12 எம்.எம். லொடலொடவென்று ஆடி, 7/16 இஞ்ச் ஸ்பானர் கச்சிதமாக உட்கார்ந்தால் அது இஞ்ச் கணக்குக்காரன் செய்தது. ஜப்பான்காரன் மெட்ரிக்.

அடுத்தது லிபரேட்டரா டக்கோட்டாவா. லிபரேட்டரில் புகைபோக்கிக் காற்றால் சுழலும் டர்போ உண்டு, டக்கோட்டாவில் கிடையாது. ஆனால் அந்த டர்போ எஞ்சினோடு ஒட்டி இருக்காது, பின்னால் தள்ளி எஞ்சின் கூட்டின் அடியில் இருக்கும். எஞ்சின் தனியாகக் கிடக்கும்போது டர்போ இல்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தகடுதான் ஒரே சாட்சி. மூக்குப் பகுதியில், ப்ரொப்பெல்லர் தண்டுக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை அளவில் ஒரு தகடு ஆணியடித்திருக்கும். ஆர்-1830 என்ற எண்ணுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு இன்னொரு எண் வரும். 65 என்றால் லிபரேட்டர் குடும்பம், 92 என்றால் டக்கோட்டா.

தகட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடாதீர்கள்! தண்ணீர், சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். அவ்வளவுதான்.

ஓய்வு டீச்சர்

எஞ்சின் பேச்சு நடக்கட்டும். எனக்கு அந்த வாசகத்தில்தான் வயிறு எரிகிறது. "நம் ஊரைக் காக்க" என்று யார் எழுதியது?

என் அப்பாவைப் பெற்ற தாத்தா பால்வெட்டுக்காரர். 1943-இல் தோட்ட ஆபீசுக்கு முன்னால் பெயர் கூப்பிட்டார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசி இலவசம் என்று சொன்னார்களாம். லோரியில் ஏற்றினார்கள். சயாமுக்குப் போனவர் வரவே இல்லை. எந்த முகாம், எந்த மாதம், காலராவா மலேரியாவா அடியா, ஒன்றும் வீட்டுக்குத் தெரியாது. பாட்டி கடைசி வரை தாலியைக் கழற்றவில்லை. செத்ததற்குச் சாட்சி இல்லையே. திதி கொடுக்க நாள் இல்லாமல், ஆடி அமாவாசைக்கு மட்டும் ஒரு இலை போடுவோம்.

சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது. 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனையும் சேர்ந்தது. அந்தப் பாதை ஓடிய காஞ்சனபுரிக்கு நான் போயிருக்கிறேன். பேருந்திலிருந்து இறங்கினால் எதிரே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம். 6,982 கல், புல் கத்தரித்து, ஒவ்வொன்றின் அடியிலும் பூச்செடி. பெயர், வயது, படைப்பிரிவு, அம்மா எழுதிய ஒரு வரி. நான் அழுதேன், அதில் வெட்கமில்லை. அந்தப் பிள்ளைகளும் பிள்ளைகள்தான். ஆனால் பாதையில் செத்த போர்க்கைதிகள் சுமார் 13,000 என்றால், ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் ஒரு லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் என் தாத்தாவைத் தேடிப் போனவள் நான். ஒரு கல்கூட இல்லை.

இப்போது நம் டவுனில், நம் ஆட்களே முன்னின்று, வைக்கப்போகும் முதல் போர் நினைவுச் சின்னம் ஒரு வெள்ளைக்காரன் எஞ்சின். வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது எங்களைக் காக்க வந்தது என்று எழுதினால் நான் வந்து தார் பூசுவேன். காக்க வந்தவர்கள் 1942 ஜனவரியில் எங்களை விட்டுவிட்டுத்தான் சிங்கப்பூருக்கு ஓடினார்கள்.

கிராணி மகன்

டீச்சர், கோபத்தைக் கும்பிட்டு ஏற்கிறேன். ஆனால் லிபரேட்டருக்கும் உங்கள் தாத்தாவுக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது.

அந்தச் சயாம் பாதையின் பாலங்களை உடைத்தவை இந்த லிபரேட்டர்கள்தான். குவாய் ஆற்றுப் பாலத்தில் 1945-இல் குண்டு போட்டவையும் அவையே. அதே விமானங்கள் 1944 செப்டம்பரில் நோங் பிளாடுக் ரயில் நிலையத்தைத் தாக்கியபோது பக்கத்து முகாமிலிருந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். மேலே பறப்பவனுக்குக் கீழே இருப்பவன் யார் என்று தெரியாது. இங்கேயும் அதுதான் நடந்தது. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இந்தியாவின் கரக்பூர் பக்கமிருந்து பி-29 விமானங்கள் வந்து கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையைத் தாக்கின. செந்தூல் பட்டறை என்றால் நம் தமிழர்கள் வேலை செய்த இடம், இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 10 அன்று சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பக்கமே போனது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் நிற்பது அந்த இடத்தில்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் அப்பாவின் அண்ணன் ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர். அவர் கணக்கில் இந்த எஞ்சின் எதிரியின் எஞ்சின். 1945 ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நேதாஜி நம் சிரம்பானில் தங்கியிருந்தபோதுதான் ஜப்பான் சரணடையப் போகும் செய்தி அவருக்கு வந்தது. அதே மாதம் அதே மாநிலத்துக் காட்டின் மேல் லிபரேட்டர்கள் ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையின் ஆட்களுக்குச் சாமான் போட்டுக்கொண்டிருந்தன. இலங்கை மின்னேரியாவிலிருந்தும் கோக்கோஸ் தீவிலிருந்தும் வந்த விமானங்கள். ஒரே தோட்டத்து லயத்தில் ஒருவன் ஐ.என்.ஏ., அடுத்த வீட்டுக்காரன் சயாமில், மூன்றாவது வீட்டுப் பையன் காட்டில் இருந்தவர்களுக்கு ரகசியமாக அரிசி கொண்டுபோனான். இந்த மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு பலகை எழுத வேண்டும் தம்பி. "காக்க" என்ற சொல் அதில் எந்த வீட்டுக்கும் பொருந்தாது.

பாகாவ் என்றதால் இதையும் சொல்கிறேன். 1943 கடைசியில் சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார்கள், 'ஃபூஜி-கோ' என்று பெயர். மலேரியாவில் மாண்டவர்கள் ஏராளம். ஆயர் டெவால்ஸும் அங்கேதான் 1945 ஜனவரியில் இறந்தார். அந்த வழியாகப் போகும்போது எத்தனை பேர் அதை நினைக்கிறோம்?

ஓய்வு டீச்சர்

கிராணி மகன், நீங்கள் எல்லாருக்கும் பங்கு பிரிக்கிறீர்கள். வழக்கமாக எல்லாருக்கும் பிரித்தால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு ரசம்தான் மிஞ்சும். நம் ஆட்கள் எப்போதும் கடைசிப் பந்தி. விமானத்தில் செத்தவர்களுக்கு அவர்கள் அரசாங்கம் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. எங்களுக்கு இருப்பது ஆடி அமாவாசை இலை ஒன்று.

பால்வாளி

டீச்சர், சண்டைக்கு வரவில்லை. ஆனால் எஞ்சின் இல்லையென்றால் பூங்காவுக்கு யாரும் கல் போட மாட்டார்கள். பிள்ளைகள் எஞ்சினைப் பார்க்கத்தான் வருவார்கள். வந்தவர்களை உங்கள் தாத்தா கதையைப் படிக்க வைப்போம். இரும்பு தூண்டில், கதை மீன். இல்லை, தலைகீழாகச் சொல்லிவிட்டேனா? எப்படியோ.

போல்டர் தமிழன்

நான் கிள்ளான் பையன், பதினைந்து வருடமாக நெதர்லாந்தில். இங்கே கடலைத் தள்ளி நிலம் எடுத்திருக்கிறார்கள், அதைத்தான் போல்டர் என்பது. 1957-இல் நீர் வற்றிய பகுதியில் டிரொண்டன் என்று ஒரு புது ஊர். தண்ணீர் வற்றியபோது அடியில் போர் விமானங்கள் வரிசையாக வெளியே வந்தன. ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் ப்ரொப்பெல்லரை எடுத்து ஊர் மன்றத்துக்கு முன்னால் நட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மே 4-ஆம் தேதியும், போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளில், அங்கே கூடுவார்கள்.

நான் ஒரு முறை போயிருந்தேன். என் கண்ணில் பட்டது ஒன்றுதான்: ப்ரொப்பெல்லரின் இதழ்கள் வளைந்த வாக்கிலேயே இருக்கின்றன. நிமிர்த்தவில்லை, பாலிஷ் போடவில்லை. புது ஊர், பழைய குடிகள் யாரும் இல்லாத ஊர், அதற்குக் கிடைத்த முதல் பழைய பொருள் அது. அவர்கள் நிலைமை அது. அதை அப்படியே தூக்கி நம் டவுனில் வைக்க முடியாது, டீச்சர் சொல்வதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். நமக்கு விமானம் விழுவதற்கு முன்பே ஊர் இருந்தது.

செம்பனைக்காடு

இரண்டு செய்தி.

ஒன்று, ஸ்பானர். டயர் கடைக்காரர் மகன் முழு செட்டையும் கொண்டுவந்தான். 11 நுழையவில்லை, 12 ஆடியது, 7/16 'க்ளக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு அங்கே நின்ற எட்டுப் பேரும் கை தட்டினோம், என்னவோ குழந்தை பிறந்த மாதிரி.

தகடும் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் போட்டு முக்கால் மணி நேரம் பல் பிரஷால் தேய்த்தோம். மேல் வரி தெளிவாக வந்தது, பார்த்தால் 'பூயிக்' என்று இருக்கிறது! கார் கம்பெனி பெயர். அப்போதுதான் ஒரு பெரியவர் சொன்னார், எழுபதுகளில் பழைய இரும்பு ஏற்றிய லோரி ஒன்று ஸ்டோர் முன்னால் அச்சு உடைந்து நின்றதாம். பாரத்தைக் குறைக்க இதை இறக்கிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. தோட்டத்து கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், தகட்டைப் படித்துவிட்டு, "துரையோட பழைய கார் எஞ்சின்" என்று சொல்லிவிட்டாராம். கப்பல் என்றும் கார் என்றும் இரண்டு கட்சி இருந்திருக்கிறது. ஆனால் கீழ் வரியில் ஆர்-1830க்குப் பிறகு வரும் எண் பாதி அரித்திருக்கிறது. முதல் எழுத்து 6 மாதிரி இருக்கிறது, 9 ஆகவும் இருக்கலாம். படம் போட்டிருக்கிறேன்.

இரண்டாவதுதான் எனக்குத் தூக்கம் போன செய்தி. முனியாண்டி கோயிலில் கற்பூரம் ஏற்றும் கிண்ணம் ஒன்று உண்டு. கனமான வெள்ளை உலோகம், பக்கத்தில் எதிரெதிராக இரண்டு ஓட்டை, வெளிச்சுவரில் வளையம் வளையமாகப் பள்ளம். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். நேற்று கும்பிடப் போனவன் கை கூப்பினபடியே நின்றுவிட்டேன். அது தலைகீழாக வைத்த பிஸ்டன்! டேப் வைத்தேன். ஐந்தரை அங்குலம், ஒரு மயிரிழை குறைவு.

சிரம்பான் ஸ்பானர்

எதிரெதிர் ஓட்டை பிஸ்டன் பின்னுக்கானது, பள்ளங்கள் ரிங்குக்கானவை. சந்தேகமே இல்லை. இத்தனை வருடக் கற்பூரச் சூட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எஞ்சினுக்குள் அது தாங்கியதோடு ஒப்பிட்டால் கற்பூரம் அதற்குத் தென்றல்.

பூயிக்கைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். போர்க்காலத்தில் பிராட் அண்டு விட்னிக்குக் கை போதவில்லை, பூயிக்கும் செவர்லேயும் கார் செய்வதை நிறுத்திவிட்டு இந்த எஞ்சினைச் செய்தன. பூயிக் மட்டுமே 70,000-க்கு மேல் செய்தது. கிராணி தப்பாகப் படிக்கவில்லை, தப்பாகப் புரிந்துகொண்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண்ணின் வயிறு கீழே மூடியிருக்கிறது, மேலே திறந்திருக்கிறது. அது 6. இரண்டாவது எண்ணின் தலையில் தட்டையான கோடு இருக்கிறது, 2-க்கு அது வராது. 65. என் ஓட்டு லிபரேட்டர். தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள், அதில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒற்றைப்பனை

65-ஐ ஏற்கிறேன். தோற்றதில் மகிழ்ச்சி.

கோலப்பிலா மலையடி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். லிபரேட்டர் என்று முடிவானதும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும், அதனால் முந்திக்கொள்கிறேன். யாராவது "ஓ, அது கோலப்பிலா விமானம்தான்" என்று சொல்லி அந்தப் பெயர்களைப் பலகையில் போட்டுவிடுவீர்கள்.

அந்த விமானத்தின் எண் கே.எல். 654. பிரிட்டிஷ் விமானப் படையின் 356-ஆம் ஸ்குவாட்ரன். 1945 ஆகஸ்ட் 23, ஜப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டு நாள் ஆகியிருந்தது. கோக்கோஸ் தீவிலிருந்து ஃபோர்ஸ் 136-க்குச் சாமான் கொண்டுவந்தது, தெலாப்பாக் பூரோக் மலைக் காட்டில் மோதியது. எட்டுப் பேர். குண்டு போட வரவில்லை, போரே முடிந்த மாதிரிதான். அவர்களின் எலும்புகள் 2009-இல்தான் எடுக்கப்பட்டன. 2012 அக்டோபர் 18 அன்று கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அறுபத்தேழு வருடம்.

இவர்கள் எஞ்சின் அதுதான் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? எங்கிருந்தோ வந்து அச்சு உடைந்த ஒரு இரும்பு லோரி. அது பகாங்கிலிருந்து வந்திருக்கலாம், ஜொகூரிலிருந்து வந்திருக்கலாம். ஓடுபாதை ஓரம் ஒதுக்கிப் போட்ட உதிரி எஞ்சினாகக்கூட இருக்கலாம், அதில் யாருமே செத்திருக்க மாட்டார்கள். எட்டுக் குடும்பத்தின் பெயரை ஊகத்தில் எழுதாதீர்கள். டீச்சரின் தாத்தாவை வேறு யாரோ ஒருவரின் எலும்போடு சேர்த்துப் புதைத்தால் டீச்சர் ஒப்புவாரா? அதே நியாயம்தான்.

இன்னொன்று, பொருத்தம் பார்க்கிறேன் என்று யாரும் மலை ஏறி அங்கிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். அது ஆட்கள் இறந்த இடம்.

ஓய்வு டீச்சர்

ஒப்ப மாட்டேன். மலையடி தம்பி, அந்த ஒரு வரிக்கு நன்றி.

ஒற்றைப்பனை

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி இப்படிப்பட்ட பழம்பொருள் கிடைத்தால் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். மேடை கட்டிவிட்டுச் சொல்வதைவிடச் சொல்லிவிட்டு மேடை கட்டுவது நல்லது. எங்கள் ஊரில் ஒரு பழைய மணிக்கு இப்படித்தான் அவசரமாகக் கூண்டு கட்டினார்கள். கூண்டு இன்னும் இருக்கிறது. மணி எங்கே என்று கேட்காதீர்கள்.

சிரம்பான் ஸ்பானர்

பராமரிப்புக்கும் ஒரு வார்த்தை. வெள்ளிப் பெயிண்ட் அடிக்காதீர்கள்! யாராவது டின்னோடு வருவார்கள், தீபாவளிக்கு முன்னால் கட்டாயம் வருவார்கள், விரட்டிவிடுங்கள். சிலிண்டர் எஃகு, நடு உடம்பு அலுமினியம். இரண்டு உலோகம் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். பெயிண்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், வெளியே பளபளக்கும், உள்ளே கரையும். நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, நிறமில்லாத மெழுகு பூசினால் போதும். வருடம் ஒரு முறை திரும்பப் பூச வேண்டும்.

நேராகச் சிமெண்டில் உட்கார வைக்க வேண்டாம். கீழே கட்டை அல்லது ரப்பர் வைத்து, தண்ணீர் வடிய வழி விட்டு, மேலே கூரை போடுங்கள். சிலிண்டர் ஓட்டைகளில் கம்பி வலை அடிக்க மறந்தால் கொசு குடும்பம் நடத்தும். டெங்கிக்காரர்கள் வந்து நினைவுச் சின்னத்துக்கே அபராதம் போடுவார்கள்.

பால்வாளி

ரப்பர் வைத்தா? நம்ம தோட்டத்து எஞ்சினுக்கு அதைவிடப் பொருத்தமான மெத்தை ஏது.

கிராணி மகன்

பலகைக்கு ஒரு முயற்சி. டீச்சர் திருத்தட்டும்.

"பி-24 லிபரேட்டர் விமானத்தின் எஞ்சின். இந்தத் தோட்டத்தில் பல ஆண்டுகள் கிடந்தது. 1941 முதல் 1945 வரை இந்த மண்ணின் மேல் பறந்து இறந்தவர்களையும், இந்த மண்ணிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்களையும் நினைத்து வைக்கப்பட்டது."

ஓய்வு டீச்சர்

வரிசையை மாற்றுங்கள். திரும்பாதவர்கள் முதலில். "கொண்டுசெல்லப்பட்டு" வேண்டாம், பார்சல் மாதிரி இருக்கிறது. "பிடித்துக்கொண்டு போய்" என்று எழுதுங்கள். "இறந்தவர்கள்" என்று எல்லாருக்கும் போட முடியாது. என் பாட்டி தாலியைக் கழற்றாத காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன். "திரும்பாதவர்கள்" சரியான சொல், அதைத் தொடாதீர்கள்.

பலகையின் கீழே கொஞ்சம் வெற்றிடம் விடச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த குடும்பங்கள் பெயரைக் கொண்டுவந்து தரட்டும். நான் முதல் பெயரைத் தருகிறேன்.

செம்பனைக்காடு

தாளில் பென்சில் தேய்த்தெடுத்த பிரதி ஐயாவுக்குப் போய்ச் சேர்ந்து, 65 என்று உறுதியும் வந்துவிட்டது. மாவட்ட அலுவலகத்தில் கடிதம் கொடுத்தாயிற்று, முத்திரை குத்திய நகலும் கையில் இருக்கிறது. டீச்சர் திருத்திய வாசகத்தையே எழுதிக்கொடுத்தேன். "காக்க" போய்விட்டது. ஒருவர் மட்டும் முனகினார், டீச்சரின் பதிவை அவருக்குப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு பேசவில்லை. வெற்றிடத்துக்கு இதுவரை பதினொரு பெயர் வந்திருக்கிறது. நான்கு பேருக்கு அப்பா பெயர் தெரியவில்லை, தோட்டத்துப் பட்டப் பெயர்தான் இருக்கிறது. அப்படியே போடுகிறோம்.

பிஸ்டன் விஷயம் மட்டும் நடக்கவில்லை. எஞ்சினோடு சேர்த்து வைத்தால் அழகாக இருக்குமே என்று பூசாரி அண்ணனிடம் கேட்டேன். வேறு பித்தளைத் தட்டு வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதை வச்சவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது அண்ணே."

"எனக்கும் தெரியாது. ஆனா எங்கப்பா சொல்லுவாரு, இதுல ஏத்துற முதல் கற்பூரம் முனியாண்டிக்கு இல்ல, தூரத்துல செத்தவங்களுக்குன்னு. முனியாண்டிக்கு ரெண்டாவதுதான். வெள்ளிக்கிழம வா, பாரு."

போனேன். இரண்டு கட்டிதான் வைத்தார். முதலாவது எரிந்து முடியும்வரை மணி அடிக்கவில்லை.